கைக்குட்டை திருடிய பையன்கள், கடல் கடந்த சிறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளாகக் கப்பலேற்றப்பட்ட சிறுவர், சிறுமியரைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் இங்கே இருக்கின்றன. 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 பேர் இப்படி அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானோர் வாலிப வயதுக்காரர்கள். ஆனால் கப்பல் பட்டியல்களைப் பார்த்தால் நடுநடுவே 11, 12, 13 என்று வயதுகள் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள்.

தீவாந்திர தண்டனை என்றால் சரியாக என்ன?

குற்றவாளியை நாட்டைவிட்டே வெளியேற்றி, கடலுக்கு அப்பால் ஒரு குடியேற்றத்தில் குறிப்பிட்ட ஆண்டுகள் வேலை செய்ய வைப்பது. பொதுவாக 7 ஆண்டு, 14 ஆண்டு, அல்லது ஆயுள். வ.உ.சி.க்கு 1908-ல் முதலில் விதிக்கப்பட்டதும் இதே தண்டனைதான் என்பதால் நமக்குப் பழகிய பெயர் இது. அவரைக் கடைசியில் கப்பலேற்றவில்லை. கோவை, கண்ணூர் சிறைகளில் வைத்தார்கள்.

பிரிட்டனில் 1718-ல் வந்த ஒரு சட்டம் இதை வழக்கமான தண்டனையாக ஆக்கியது. அப்போது போன இடம் அமெரிக்கா. சுமார் 50,000 பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1775-ல் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பின. பழைய கப்பல்களை ஆற்றில் நிறுத்தி அவற்றில் கைதிகளை அடைத்தார்கள். அப்புறம் ஆஸ்திரேலியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆர்தர் ஃபிலிப் தலைமையில் 11 கப்பல்கள் 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மவுத்திலிருந்து புறப்பட்டு, 1788 ஜனவரியில் சிட்னிப் பக்கம் போய்ச் சேர்ந்தன. இதுதான் முதல் கப்பல் தொகுதி.

போனவர்கள் எல்லோரும் நான்கு சுவருக்குள் கிடக்கவில்லை. அரசாங்க வேலையோ, குடியேறிய வெள்ளைக்காரர் பண்ணையில் சம்பளமில்லாத வேலையோ பார்த்தார்கள். நடத்தை சரியாக இருந்தால் தண்டனை முடியும் முன்பே சொந்தமாகக் கூலி வேலை தேடிக்கொள்ள ஓர் அனுமதிச் சீட்டு கிடைக்கும். காலம் முடிந்தால் விடுதலை. ஆனால் ஊர் திரும்பும் கப்பல் செலவு கைதியுடையது. அத்தனை பணத்துக்குப் பெரும்பாலோர் எங்கே போவார்கள்? காலம் முடியும் முன்னே திரும்பி வந்து மாட்டினால் 1834 வரை அதற்கு மரண தண்டனை. ஆக, 12 வயதில் 7 ஆண்டு வாங்கிய பையனுக்கு நடைமுறையில் அது ஆயுளுக்கும் ஊரில்லை என்ற தீர்ப்பு.

இவ்வளவு சின்னப் பிள்ளைகளை எப்படித் தண்டித்தார்கள்? வயது வரம்பு இல்லையா?

இருந்தது: ஏழு வயது. ஏழுக்குக் கீழே குற்றமே கிடையாது. ஏழிலிருந்து பதினான்கு வரை, 'இந்தப் பிள்ளைக்குத் தப்பு எது சரி எது என்று தெரியாது' என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும்; தெரியும் என்று வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்க வேண்டும். ஏட்டில் நல்ல பாதுகாப்புதான். நடைமுறையில், பொருளை ஒளித்து வைத்தான், ஓடினான், கேட்டதற்குப் பொய் சொன்னான் என்பதே 'தெரிந்து செய்தான்' என்பதற்கு ஆதாரமாகப் போதுமானதாக இருந்தது. பிடிபட்ட எந்தப் பிள்ளைதான் ஓடாது?

விசாரணையும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். குற்றம்சாட்டப்பட்டவர் சார்பில் வழக்கறிஞர் ஜூரியிடம் வாதம் பேசும் உரிமையே 1836-ல்தான் வந்தது. அதுவும் பணம் இருந்தால்தான்.

இந்த ஏழு வயதுக் கோடு நமக்கும் வந்து சேர்ந்தது. 1860-ல் நிறைவேற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 82-ஆம் பிரிவில் அது இருந்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது. இங்கிலாந்தில் இன்று அந்த வயது 10.

என்ன திருடினார்கள்? ஒரு ரொட்டித் துண்டுக்காகவா நாடு கடத்தினார்கள்?

ரொட்டிக் கதை எல்லோருக்கும் பிடித்த கதை. நீதிமன்றப் பதிவுகளைப் புரட்டினால் வேறு பொருள்கள்தான் அதிகம் வருகின்றன: கைக்குட்டை, சட்டை, காலுறை, ரிப்பன், கடை வாசலில் தொங்கிய துணி, வீட்டுக் கரண்டி, கடிகாரம். காரணம் எளிது. துணி அன்று விலையுயர்ந்த பொருள். பழந்துணிக்குப் பெரிய சந்தை இருந்தது. எந்தக் கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தார்கள்.

பட்டுக் கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கனவான்கள் கோட்டின் பின்பக்கப் பையில் செருகியிருப்பார்கள். நுனி வெளியே தெரியும். கூட்டத்தில் ஒரு பையன் உருவினால் உடம்புக்குத் தெரியாது. விலை சில ஷில்லிங். லண்டனில் சாஃப்ரன் ஹில் பக்கம் ஃபீல்டு லேன் என்று ஒரு குறுகிய சந்து; அங்கே கடை வாசல் முழுக்கத் திருட்டுக் கைக்குட்டைகள் தொங்கும். பையனுக்குக் கிடைப்பது மதிப்பில் ஒரு சின்னப் பங்கு. லாபம் வாங்குபவனுக்கு. தண்டனை பெரும்பாலும் பையனுக்கு.

சட்டம் பொருளின் விலையைப் பார்த்துத்தான் தண்டனையை அளந்தது. 1827 வரை 12 பென்னிக்கு மேல் போனால் அது பெருந்திருட்டு. ஒரு வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங்கோ அதற்கு மேலோ திருடினால் தூக்கு. இதனால் ஜூரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பொருளின் விலை 39 ஷில்லிங் என்று தீர்ப்பில் எழுதிவிடுவார்கள். எல்லோருக்கும் தெரிந்த பொய். ஓர் உயிரைக் காப்பாற்றும் பொய். அப்படித் தப்பியவர்களில் நிறையப் பேர் போய்ச் சேர்ந்த இடம் கைதிக் கப்பல். ஜேப்படிக்கு இருந்த மரண தண்டனையை 1808-ல் எடுத்தார்கள். அந்த இடத்தில் வைத்தது ஆயுள்வரை போகக்கூடிய தீவாந்திர தண்டனை. சட்டம் இளகியது என்று எழுதப்படும் இந்த மாற்றம்தான் ஜேப்படிப் பையன்களைக் கூட்டம் கூட்டமாகக் கடல் கடத்தியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இவர்களில் பலர் முதல் முறை மாட்டியவர்கள் கிடையாது. முன்பே கசையடி பட்டவர்கள், சிறைக்குப் போய் வந்தவர்கள், கூட்டாகத் திருடியவர்கள். பசிக்கு ஒரே ஒரு ரொட்டி எடுத்த அப்பாவியாக இருந்தால்தான் அவர்கள்மீது நமக்கு இரக்கம் வர வேண்டும் என்றில்லை. பத்துத் தடவை கைக்குட்டை உருவியவனாகவே இருக்கட்டும். அவன் பதின்மூன்று வயதுப் பையன்.

உண்மையான ஒரு வழக்கைச் சொல்ல முடியுமா?

ஜான் ஹட்சன். 1783 டிசம்பரில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நின்றவன். இரவில் ஒரு வீட்டுக்குள் புகுந்து ஒரு லினன் சட்டை, ஐந்து பட்டுக் காலுறைகள், ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு ஏப்ரன்கள் எடுத்ததாக வழக்கு. அந்த விசாரணையின் பதிவு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. வயது என்ன என்று கேட்கிறார்கள். ஒன்பது நடக்கிறது என்கிறான். என்ன தொழில்? ஒன்றுமில்லை, எப்போதாவது புகைபோக்கி சுத்தம் செய்வேன். அப்பா அம்மா? செத்துப்போனார்கள். எவ்வளவு நாளாச்சு? தெரியாது.

இந்தக் கடைசிப் பதிலைத் தாண்டிப் போக எனக்கு ஒவ்வொரு முறையும் சிரமமாக இருக்கிறது.

நீதிபதி கொடியவர் இல்லை. இப்படிப்பட்ட பையனை அழிவிலிருந்து மீட்க முடிந்தால் நல்லது, விட்டால் பழைய வாழ்க்கைக்கே போவான் என்கிற ரீதியில் பேசுகிறார். ஜூரியும் வீடு உடைத்த குற்றத்தைத் தள்ளிவிட்டுத் திருட்டை மட்டும் ஏற்கிறது. இரண்டு தரப்பும் இரக்கம் காட்டிய பிறகு கிடைத்தது 7 ஆண்டு நாடு கடத்தல். ஆதரவற்ற ஒரு குழந்தையை வைத்துக்கொள்ள அன்றைய நீதிமன்றத்திடம் வேறு இடமே கையில் இல்லை.

முதலில் அவனை அமெரிக்காவுக்கு என்று 'மெர்க்குரி' கப்பலில் ஏற்றினார்கள். 1784-ல் அந்தக் கப்பலில் கைதிகள் கலகம் செய்து இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் இறங்கிவிட்டார்கள். ஹட்சன் மறுபடி பிடிபட்டான். பிளிமவுத்தில் 'டன்கர்க்' என்ற சிறைக் கப்பலில் மூன்று ஆண்டுபோல வைத்தார்கள். 1787-ல் முதல் கப்பல் தொகுதியின் 'ஃபிரெண்ட்ஷிப்' அவனை ஏற்றிக்கொண்டது. சிட்னி வந்தபோது வயது 13. 1790-ல் நார்ஃபோக் தீவுக்கு அனுப்பப்பட்டான். அடுத்த ஆண்டு, இரவு ஒன்பது மணிக்குமேல் குடிசைக்கு வெளியே இருந்ததற்காக 50 கசையடி. அவனைப் பற்றிய எழுத்துப் பதிவு அநேகமாக அதோடு நிற்கிறது.

சிறுமிகளையும் அனுப்பினார்களா?

அனுப்பினார்கள். மொத்தக் கைதிகளில் பெண்கள் சுமார் 25,000. முதல் கப்பல் தொகுதியில் வந்த பெண் கைதிகளில் மிக இளையவள் எலிசபெத் ஹேவர்ட், வயது 13. மரச் செருப்பு செய்பவரிடம் வேலை பார்த்தவள். ஒரு லினன் கவுனும் பட்டுத் தொப்பியும் திருடியதாகத் தண்டனை.

அதிகம் பேசப்படுபவள் மேரி வேட். 1788 அக்டோபரில், பதினொரு வயதில், பதினான்கு வயதுத் தோழி ஒருத்தியோடு சேர்ந்து, தண்ணீர் எடுக்க வந்த எட்டு வயதுச் சிறுமியின் உடைகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர்கள் உரித்தது தங்களைவிடச் சின்னக் குழந்தையை என்பதை மறைத்துப் பேசக் கூடாது. 1789 ஜனவரியில் இருவருக்கும் மரண தண்டனை. மார்ச்சில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநோயிலிருந்து தேறிவிட்டார் என்று அறிவித்தார்கள். அந்த மகிழ்ச்சியில் மரண தண்டனைப் பெண் கைதிகளுக்குத் தண்டனை நாடு கடத்தலாகக் குறைந்தது. 'லேடி ஜூலியானா' கப்பலில் ஏறி 1790 ஜூனில் சிட்னி வந்தாள். 1859-ல் இறந்தபோது பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று 300 பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள் என்று சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் கெவின் ரட் அவள் வழியில் வந்தவர்.

பெண்களுக்கென்று பரமட்டா, ஹோபார்ட் போன்ற ஊர்களில் 'பெண்கள் ஃபாக்டரி' என்ற தொழிற்சிறைகள் இருந்தன. சிறுமிகளுக்குத் தனி இடம் கிடையாது. பெரியவர்களோடுதான்.

குழந்தைகளைத் தூக்கிலேயே போட்டார்கள் என்கிறார்களே?

தீர்ப்பு எழுதப்பட்டது; நிறைவேற்றுவது மிக அபூர்வம். 1801 முதல் 1836 வரை ஓல்ட் பெய்லியில் 14 வயதுக்குட்பட்ட 103 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதாகவும், அவர்களில் ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை என்றும் பிற்கால ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் மாற்றுத் தண்டனை உறுதியாகும்வரை அந்தப் பிள்ளைகள் நியூகேட் சிறையில் 'தூக்குக் கைதி' என்ற பெயரோடுதான் நாள்களைக் கழித்தார்கள்.

கப்பல் கிளம்பும்வரை எங்கே வைத்திருந்தார்கள்?

முதலில் நியூகேட் போன்ற சிறை. அப்புறம் ஆற்றில் நங்கூரமிட்ட பழைய போர்க்கப்பல்கள். 1825-க்குப் பிறகு பையன்களுக்கென்று சாட்டமில் 'யூரியாலஸ்' என்ற கப்பலை ஒதுக்கினார்கள். டிராஃபால்கர் கடற்போரில் கலந்துகொண்ட கப்பல் அது. பாய்மரங்களைக் கழற்றிவிட்டு, கீழ்த்தளங்களில் நூற்றுக்கணக்கான பையன்களை அடைத்தார்கள். பகல் முழுக்கப் பேசாமல் துணி தைக்க வேண்டும். இரவில் கதவைப் பூட்டிவிட்டால் உள்ளே பெரிய பையன்களின் ராஜ்யம். சின்னவர்களின் சாப்பாட்டைப் பிடுங்குவார்கள், கொடுக்காதவனுக்கு அடி. மருத்துவப் பகுதிக்குப் போய்க் கொஞ்ச நாள் தப்பிக்கலாம் என்று தங்கள் உடம்பைத் தாங்களே காயப்படுத்திக்கொண்ட பையன்கள் இருந்தார்கள்.

1835-ல் பிரபுக்கள் சபைக் குழுவின் முன், அங்கே நோயாளிகளைக் கவனித்துவந்த ஒரு கைதி சாட்சி சொன்னார். இரக்கப்பட்டு ஒரு பையனைச் சிறைக் கப்பலுக்கு அனுப்பினார் நீதிபதி என்று செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம், அவன் என் பிள்ளையாக இருந்தால் அங்கே போவதைவிட என் காலடியில் செத்துக் கிடப்பதே மேல் என்று நினைப்பேன் என்றார். இதற்குப் பிறகும் அந்தக் கப்பல் 1843 வரை இயங்கியது.

கடல் பயணம் எப்படி இருந்தது?

எந்த ஆண்டு என்பதைப் பொறுத்தது. 1790-ல் போன இரண்டாம் தொகுதி படுமோசம்; ஏறிய ஆண் கைதிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் வழியிலேயே இறந்தார்கள். கப்பல் ஒப்பந்தக்காரருக்கு ஏற்றிய தலைக்குத்தான் பணம். உயிரோடு இறக்கிய தலைக்கு இல்லை. சாப்பாட்டைக் குறைத்தால் மிச்சம். இந்தக் கணக்கை மாற்றி, 1815 முதல் ஒவ்வொரு கப்பலிலும் அதிகாரமுள்ள கடற்படை மருத்துவரைப் போட்டபிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. பயணமும் எட்டு மாதத்திலிருந்து நான்கு மாதமாகச் சுருங்கியது. 1830-களில் போன பையன்களில் பலர் கப்பலில்தான் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.

பாயின்ட் பூயர் என்பது என்ன இடம்?

டாஸ்மேனியாவின் தென்கிழக்கில், போர்ட் ஆர்தர் சிறைக் குடியேற்றத்துக்கு எதிரே விரிகுடாவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கடல்முனை. அன்று டாஸ்மேனியாவுக்கு வான் டீமன்ஸ் லேண்ட் என்று பெயர். ஆளுநர் ஜார்ஜ் ஆர்தருக்கு ஒரு சிக்கல்: கப்பல் கப்பலாகப் பையன்கள் வந்து இறங்குகிறார்கள்; பண்ணைக்காரர்களுக்கு அவர்கள் வேண்டாம். பலமில்லை, தொழில் தெரியாது, திருடுவார்கள். பெரிய கைதிகளோடு சேர்த்து வைத்தால் பையன்கள் அவர்களிடம் என்னென்ன படுவார்கள், எதைக் கற்பார்கள் என்பதும் தெரிந்ததுதான். அதனால் 1834 ஜனவரியில் முதல் பையன்களைப் பாயின்ட் பூயரில் இறக்கினார்கள். போர்ட் ஆர்தர் தளபதி சார்ல்ஸ் ஓ'ஹாரா பூத் இதையும் கவனித்தார். பிரிட்டிஷ் பேரரசில் பையன்களுக்காக மட்டும் அமைக்கப்பட்ட முதல் சிறை என்று இதைச் சொல்வது வழக்கம். 1849-ல் மூடும்வரை சுமார் 3,000 பேர் இங்கே இருந்துபோனார்கள். பெரும்பாலோர் 14 முதல் 17 வயது; ஒன்பது, பத்து வயதுக்காரர்களும் உண்டு.

இடம் காற்றடிக்கும் பாறை. நல்ல தண்ணீர் கிடையாது. விளையும் மண்ணும் இல்லை. மூன்று பக்கம் கடல். தப்பித்து அந்தத் தீபகற்பத்தைக் கடந்தாலும் ஈகிள்ஹாக் நெக் என்ற குறுகிய நிலப்பட்டையில் சங்கிலியில் கட்டிய நாய்களும் சிப்பாய்களும் வரிசையாக நின்றார்கள்.

பையன்களின் நாள் இப்படிப் போனது: விடிந்ததும் எழுந்து படுக்கையைச் சுருட்டு, ஜெபம், காலை உணவு, வேலை, சாப்பாடு, மறுபடி வேலை, மாலையில் கொஞ்ச நேரம் படிப்பு, ஜெபம், படுக்கை. புதிதாக வந்தவர்களுக்கு மண் வெட்டுதல், மரம் தூக்குதல். நன்றாக நடந்துகொண்டால் தொழில் கற்கலாம். தச்சு, கல்தச்சு, செருப்புத் தைத்தல், தையல், பீப்பாய் செய்தல், படகு கட்டுதல், புத்தகம் கட்டுதல் எல்லாம் இருந்தது. தொழிலுக்குத் தேர்வாவது பெரிய விஷயம். ஒரு கைத்தொழில் தெரிந்தவனை வெளியே குடியேற்றக்காரர்கள் விரும்பி எடுத்துக்கொள்வார்கள். போர்ட் ஆர்தரில் இன்று கூரையில்லாமல் நிற்கும் தேவாலயத்தின் அலங்காரக் கற்களில் பல இந்தப் பையன்கள் செதுக்கியவை. தெருவில் துணி உருவிக்கொண்டிருந்த கைகளுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன வரும் என்பதற்கு என்னிடம் இதைவிட நல்ல சான்று இல்லை.

இதன் இன்னொரு பாதி தண்டனைப் பதிவேடு. புகையிலை வைத்திருந்தான், வரிசையில் பேசினான், பாட்டுப் பாடினான், மேற்பார்வையாளரிடம் எதிர்த்துப் பேசினான் என்று பக்கம் பக்கமாகப் போகும். தனிமை அறையில் ரொட்டியும் தண்ணீரும். அதற்கும் அடங்காவிட்டால் கசையடி. மேற்பார்வையாளர்களில் பலர் தாங்களே கைதிகள். பையன்களுக்குள் ஓர் எழுதாத சட்டம் இருந்தது: காட்டிக்கொடுத்தவன் தொலைந்தான். 1843-ல் மேற்பார்வையாளர் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்காக இரண்டு பையன்கள் ஹோபார்ட்டில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு பெஞ்சமின் ஹார்ன் என்ற அதிகாரி ஆராய்ந்து எழுதிய அறிக்கை, கட்டடங்களிலிருந்து படிப்பு வரை எதுவும் போதவில்லை என்று குறைசொன்னது. பக்கத்தில் சேஃப்டி கோவ் என்ற இடத்தில் புதிய சிறுவர் சிறை கட்டத் திட்டமிட்டார்கள். அது முடியவே இல்லை.

இரண்டு பையன்கள் கைகோத்துப் பாறையிலிருந்து குதித்துச் செத்தார்களாமே?

இந்தக் கதை 1870-களில் வந்த ஒரு புகழ்பெற்ற ஆஸ்திரேலிய நாவல் வழியாகப் பரவியது. அப்படி நடந்ததற்கு ஆவண ஆதாரம் இல்லை. சுற்றுலாப் பேச்சில் இது உண்மைபோலவே ஓடிக்கொண்டிருக்கிறது. பாயின்ட் பூயரில் பிள்ளைகள் செத்தது உண்மை. பெரும்பாலும் நோயிலும் விபத்திலும். அவர்களை விரிகுடாவின் நடுவே உள்ள ஒரு சிறு தீவில், பெரிய கைதிகளையும் புதைத்த அதே மண்ணில், புதைத்தார்கள்.

பார்க்ஹர்ஸ்ட் பையன்கள் யார்?

1838-ல் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் பையன்களுக்கென்று பார்க்ஹர்ஸ்ட் சிறை திறந்தது. அங்கே இரண்டு மூன்று ஆண்டு ஒழுக்கமும் தொழிலும் கற்பித்து, பிறகு 'மன்னிக்கப்பட்ட தொழில் பழகுநர்' என்ற பெயரில் கப்பலேற்றினார்கள். 1842 முதல் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1,500 பேர் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களுக்கும் நியூசிலாந்துக்கும் போனார்கள். நியூசிலாந்துக்குப் போனவர்கள் 123 பேர், இரண்டு கப்பல்களில். அங்கே குடியேறியிருந்தவர்கள் கடுமையாக எதிர்த்ததால் அதோடு நின்றது.

பெயர்தான் பழகுநர். குடும்பத்துக்குத் திரும்பும் வழி இவர்களுக்கும் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போன ஜான் கவின் என்ற பார்க்ஹர்ஸ்ட் பையன், வேலைக்கு அமர்த்தியவரின் மகனைக் கொன்றதாக 1844 ஏப்ரலில் ஃப்ரீமேன்டலில் தூக்கிலிடப்பட்டான். வயது 15. அந்தக் குடியேற்றத்தில் தூக்கிலிடப்பட்ட முதல் ஐரோப்பியன் அவன்தான்.

லண்டன் தெருவில் கிடந்ததைவிட அங்கே நன்றாகத்தானே வாழ்ந்திருப்பார்கள்?

சிலர் வாழ்ந்தார்கள். நிலம் வாங்கினார்கள், குடும்பம் கண்டார்கள். வயிறு நிறையச் சாப்பாடும் நல்ல காற்றும் அவர்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. இதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு மறைவான கணக்கு இருக்கிறது. நன்றாக வந்தவர்களின் கதையை வம்சாவளியினர் எழுதுகிறார்கள். கசையடியோடு பதிவு நின்றுபோன ஜான் ஹட்சனுக்காகப் பேச அப்படி யாரும் வரவில்லை. மேரி வேட்டின் 300 பேரை வைத்து இந்தத் தண்டனையை அளந்தால், தப்பித்தவர்களை மட்டும் எண்ணியதாகிவிடும். அதோடு, அரசாங்கம் இதைப் பிள்ளைகளின் நன்மைக்காகவும் செய்யவில்லை. தன் தெருவிலிருந்து அவர்களை அகற்றுவதுதான் நோக்கம். அடுத்தவர்கள் பயப்பட வேண்டும் என்பது இன்னொரு நோக்கம். தொழிற்பயிற்சி, படிப்பு எல்லாம், இவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் குடியேற்ற அதிகாரிகள் பின்னால் சேர்த்தவை. தச்சும் கல்தச்சும் லண்டனிலேயே கற்றுக்கொடுக்க முடிகிற வேலைகள்தான். அதற்கு நான்கு மாதக் கடல் பயணம் தேவையில்லை.

அந்த நிலம் யாருடையது?

பூர்வகுடிகளுடையது. போர்ட் ஆர்தர் இருக்கும் தீபகற்பம் பிடைரெர்மே மக்களின் நாடு. பையன்கள் அங்கே இறங்கிய அதே 1830-களில், டாஸ்மேனியப் பூர்வகுடிகளில் போருக்கும் நோய்க்கும் தப்பியவர்களை ஃபிளிண்டர்ஸ் தீவின் வைபலென்னா முகாமுக்கு அகற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே பெரும்பாலோர் இறந்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே நிர்வாகம், ஒரே ஆளுநர் ஆர்தரின் காலத்தில் தொடங்கியது.

இது எப்போது முடிந்தது?

நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்புவது 1840-லும், வான் டீமன்ஸ் லேண்டுக்கு 1853-லும் நின்றது. கடைசிக் கைதிக் கப்பல் 1868 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. பிள்ளைகளைப் பொறுத்தவரை முக்கியமான ஆண்டுகள் வேறு. 1847-ல் 14 வயதுக்குட்பட்டவர்களின் சில்லறைத் திருட்டைப் பெரிய நீதிமன்றத்துக்குப் போகாமல் உள்ளூர் நீதிபதிகளே விசாரிக்கலாம் என்றானது. 1854-ல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. பிரிஸ்டலைச் சேர்ந்த மேரி கார்பென்டர் இதற்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர். அப்போதும், பள்ளிக்கு அனுப்பும் முன் பிள்ளை 14 நாள் சிறையில் இருந்தாக வேண்டும் என்று சேர்த்தார்கள். தண்டிக்காமல் விட மனம் வரவில்லை.

மேரி கார்பென்டர் 1866-ல் இந்தியாவுக்கும் வந்தார், சென்னைக்கும் வந்தார். இந்தியாவில் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் 1876-ல் வந்தது. செங்கல்பட்டில் அமைந்த சீர்திருத்தப் பள்ளி அந்த வழியில் வந்ததுதான்.

நம் ஊரிலிருந்தும் இப்படி அனுப்பினார்களா?

ஆம். சென்னை மாகாணத்திலிருந்து கைதிகளைச் சுமத்ராவின் பென்கூலனுக்கும், பினாங்குக்கும், பின்னர் சிங்கப்பூருக்கும் அனுப்பினார்கள். 1858-லிருந்து அந்தமான். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். சட்டப் புத்தகத்தில் தீவாந்திர தண்டனை இருந்த இடத்தில் ஆயுள் சிறை என்று மாற்றியது 1955-ல், விடுதலைக்குப் பிறகு.

ஆவணங்களை நானே படிக்க முடியுமா?

முடியும், இலவசமாக. ஓல்ட் பெய்லி விசாரணைப் பதிவுகள் 1674 முதல் 1913 வரை இணையத்தில் முழுமையாகத் தேடிப் படிக்கும்படி இருக்கின்றன. பெயர், வயது, குற்றம், தண்டனை என்று எதை வைத்தும் தேடலாம். டாஸ்மேனிய அரசு ஆவணக் காப்பகம் கைதிகளின் நடத்தைப் பதிவேடுகளைப் படங்களாகப் போட்டிருக்கிறது. ஒவ்வொருவரின் உயரம், கண் நிறம், தழும்பு, பச்சை குத்தியிருந்தது, வாங்கிய ஒவ்வொரு தண்டனை என எல்லாம் அதில் உண்டு. கையெழுத்து முதலில் மிரட்டும். சுருக்கெழுத்துகள் பழகிவிட்டால் சரியாகிவிடும். பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். ஜான் ஸ்மித்கள் ஏராளம், பொய்ப் பெயர் சொன்னவர்களும் உண்டு. கப்பல் பெயரும் வந்த ஆண்டும் தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

நேரில் போகிறவர்களுக்கு: போர்ட் ஆர்தர், ஹோபார்ட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 11 ஆஸ்திரேலியக் கைதி இடங்களில் அதுவும் ஒன்று. பாயின்ட் பூயரில் இன்று பெரிய கட்டடம் எதுவும் மிச்சமில்லை. அடித்தளக் கற்களும் சுவர்த் துண்டுகளும்தான். தேவாலயத்தின் செதுக்கு வேலையை நின்று பார்க்க நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.